சுற்று சரி, கம்ப்யூட்டர்தான் மறுக்கிறது

பொறியியல் கல்லூரி மின்னணு ஆய்வகங்களில் செமஸ்டர்தோறும் அரங்கேறும் காட்சி இது. மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவர். அவர் முன்னே 230 வோல்ட்டை 12 ஆக இறக்கும் டிரான்ஸ்ஃபார்மர், நான்கு டயோடுகள், 25 வோல்ட் தாங்கும் 1,000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், 7805 என்கிற மூன்று கால் ஐ.சி. எல்லாம் சேர்ந்தால் 5 வோல்ட் பவர் சப்ளை. முந்தைய நாள் சால்டர் வைத்து முடித்தாயிற்று. எல்.ஈ.டி. எரிந்தது. இன்று அதே சுற்றைக் கம்ப்யூட்டரில் வரைந்து 'ரன்' பொத்தானை அழுத்துகிறார். திரையில் வருவது வரைபடம் அல்ல, வசவு: 'சிங்குலர் மேட்ரிக்ஸ்.'

"நேத்து போர்டுல ஓடிச்சு சார். சாஃப்ட்வேர்தான் சரியில்ல."

அடுத்து நடப்பதும் மரபுதான். சீனியர் ஒருவரின் ஃபைலிலிருந்து 'ஆப்ஷன்ஸ்' என்று தொடங்கும் ஒரு வரி வந்து சேரும். அந்த வரி என்ன செய்கிறது என்று கொடுத்தவருக்கும் தெரியாது. அவருக்கு அவருடைய சீனியர் கொடுத்தது. மந்திரம் பலித்தால் வரைபடம் வரும், ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து விழும். பலிக்காவிட்டால் பக்கத்து மேஜைக்காரரின் வரைபடம் நோட்டில் ஒட்டப்படும். சுற்று சரி, மென்பொருள் தப்பு என்ற நம்பிக்கை மட்டும் அசையாது.

விசேஷம் என்னவென்றால், இதில் இரண்டு பேருமே சரி. போர்டில் இருந்த சுற்றும் சரி, கம்ப்யூட்டர் மறுத்ததும் சரி. இரண்டும் வேறு வேறு சுற்றுகள் என்பது மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

'சிங்குலர் மேட்ரிக்ஸ்' என்பதைத் தமிழ் வழியில் பிளஸ் டூ படித்தவர்கள் 'பூச்சியக் கோவை அணி' என்று படித்திருப்பார்கள். பரீட்சைக்குப் பின் மறந்தும் இருப்பார்கள். ஆங்கிலப் பெயரைவிடத் தமிழ்ப் பெயர் விஷயத்தைச் சொல்லிவிடுகிறது. அணிக்கோவையின் மதிப்பு பூஜ்யம், ஆகவே சமன்பாடுகளுக்கு ஒரே விடை கிடையாது. 'ராமனிடமும் லட்சுமணனிடமும் சேர்த்து 10 ரூபாய் இருக்கிறது. ராமனிடம் எவ்வளவு?' என்று கேட்பது போன்ற கேள்வி. எந்த விடையும் பொருந்தும். அதனால் எந்த விடையும் விடையல்ல.

மின்சுற்றில் இந்தக் கேள்வி எங்கே வந்தது? வோல்ட் என்பது எப்போதும் இரண்டு புள்ளிகளுக்கு இடையிலான வித்தியாசம். தனியாக ஒரு புள்ளிக்கு வோல்ட் கிடையாது. ரயில் நிலையத்து மஞ்சள் பலகைகளில் ஊர்ப் பெயரோடு கடல் மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர் என்று எழுதியிருப்பார்கள். கடல் மட்டம் என்று ஒன்றை ஒப்புக்கொண்டதால்தான் அந்த எண்ணுக்குப் பொருள். மென்பொருளுக்குக் கடல் மட்டம் 'பூஜ்யம்' என்று பெயரிட்ட புள்ளி, அதாவது எர்த். சுற்றின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் நேர்மின்சாரம் அந்த எர்த்துக்குப் போய்ச் சேர ஏதாவது ஒரு வழி இருந்தாக வேண்டும். டிரான்ஸ்ஃபார்மரின் இரண்டாவது சுருளுக்கும் முதல் சுருளுக்கும் கம்பித் தொடர்பே இல்லை. காந்தப் புலம்தான் பாலம். மாணவர் எர்த்தை முதல் சுருள் பக்கம் மட்டும் போட்டிருக்கிறார். மறுபக்கம் முழுவதும் அந்தரத்தில். அங்கே உள்ள 5 வோல்ட், எர்த்துக்கு மேலே 5 வோல்ட்டா, 5,005 வோல்ட்டா? கம்ப்யூட்டர் கேட்பது நியாயமான கேள்வி.

நிஜ மேஜையில் இந்தக் கேள்வி எழாததற்குக் காரணம், நிஜத்தில் எதுவும் முழுமையாக அந்தரத்தில் இல்லை. சுருள்களின் காப்பில் கசிவு, போர்டில் ஈரம், தொட்டுப் பார்க்கும் விரல் என ஆயிரம் வழிகள். வரைபடத்தில் வரையாத இந்த வழிகளில் ஒன்றை வரைந்துவிட்டால் போதும். இரண்டாவது பக்கத்தின் நெகடிவ் கம்பியிலிருந்து எர்த்துக்கு ஒரு பெரிய ரெசிஸ்டர், சில மெகா ஓம். பிழை போய்விடும். இது ஏமாற்று வேலையல்ல. மேஜையில் ஏற்கெனவே இருப்பதை எழுதிக் காட்டுவது.

அதே டிரான்ஸ்ஃபார்மரின் முதல் பக்கத்தில் இன்னொரு வம்பு காத்திருக்கிறது. மின்மூலத்தின் இரண்டு முனைகளும் நேராகச் சுருளின் இரண்டு முனைகளில். கணக்கைத் தொடங்குமுன் மென்பொருள் நேர்மின் நிலையைக் கண்டுபிடிக்கும். அந்த நிலையில் சுருள் என்பது தடையே இல்லாத கம்பி. மூலமும் தடையில்லாதது. இரண்டையும் வளையமாகக் கட்டினால் எவ்வளவு மின்சாரம் சுற்றும் என்பதற்கு மறுபடியும் விடை கிடையாது. மருந்து, தொடரில் ஒரு ஓம். எந்தச் செப்புச் சுருளுக்கும் கொஞ்சமாவது தடை உண்டு.

இந்தக் கறார்க்காரர் பிறந்த கதையும் சுவாரசியமானது. 1960-களின் இறுதியில், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில், ரொனால்ட் ரோரர் என்ற பேராசிரியர் தம் வகுப்பு மாணவர்களையே ஒரு சுற்றுக் கணிப்பு நிரலை எழுதச் சொன்னார். தேர்வு கிடையாது. சக பேராசிரியர் டொனால்ட் பெடர்சன் நிரலைப் பார்த்து ஒப்புக்கொண்டால் வகுப்பே பாஸ், இல்லாவிட்டால் வகுப்பே ஃபெயில் என்பது ஏற்பாடு. அந்த வகுப்பில் இருந்த லாரன்ஸ் நேகல் பிற்பாடு நினைவுகூர்ந்தது இது. ஒப்புதல் கிடைத்தது. அதிலிருந்து வளர்ந்த நிரலுக்கு 'கான்சர்' என்று பெயர். பெயரின் கடைசிச் சொற்கள் 'கதிர்வீச்சு நீங்கலாக' என்று பொருள்படும். அந்நாளில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைப் பணத்தில் உருவான நிரல்கள் அணுக் கதிர்வீச்சில் சுற்று தாக்குப்பிடிக்குமா என்று கணக்கிட வேண்டியிருந்தது. எங்களுக்கு அந்த வேலை வேண்டாம் என்று மாணவர்கள் பெயரிலேயே சொல்லிவிட்டார்கள்.

நேகல் அதைத் திருத்தி எழுதியதே 'ஸ்பைஸ்'. மசாலா என்று பொருள் தரும் இந்தச் சுருக்கப் பெயரோடு 1973-இல் கனடாவின் வாட்டர்லூவில் நடந்த கருத்தரங்கில் அறிமுகமானது. 1975-இல் இரண்டாவது வடிவம். யார் கேட்டாலும் கொடுப்பது என்பதில் பெடர்சன் பிடிவாதமாக இருந்தார். திருத்தினால் ஒரு பிரதியைத் திருப்பி அனுப்புங்கள் என்பதுதான் எதிர்பார்ப்பு. 1984-இல் 'பிஸ்பைஸ்' அதை மேஜைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவந்தது. 1999-இல் வந்த 'எல்டிஸ்பைஸ்', இலவச 'என்ஜிஸ்பைஸ்', அதைக் கருவாக வைத்து மும்பை ஐ.ஐ.டி.யின் ஃபாஸ்ஸி திட்டம் உருவாக்கிய 'ஈசிம்' என்று வம்சம் இன்றும் தொடர்கிறது. திருட்டு சி.டி. தேட வேண்டிய காலம் போய்விட்டது. பழக்கம் போகவில்லை என்பது வேறு விஷயம்.

வம்சத்தோடு சில வினோதங்களும் தொடர்கின்றன. ஸ்பைஸ் துளையட்டைக் காலத்துப் பிள்ளை. அட்டைக் கட்டின் முதல் அட்டை தலைப்பு. எனவே இன்றைக்கும் சுற்றுப் பட்டியலின் முதல் வரியை ஸ்பைஸ் தலைப்பாகவே எடுத்துக்கொள்ளும். தெரியாமல் முதல் வரியிலேயே பேட்டரியை எழுதினால் பேட்டரி காணாமல் போகும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து பேதமும் அந்நாளில் இல்லை. 'எம்' என்றால் மில்லி. மெகா வேண்டுமானால் 'மெக்' என்று மூன்றெழுத்து எழுத வேண்டும்.

இந்த ஒற்றை எழுத்து எத்தனை பேரின் மாலைப் பொழுதைத் தின்றிருக்கும் என்பதற்குக் கணக்கில்லை. 10 கிலோ ஓம், 1 மெகா ஓம் ரெசிஸ்டர்களை வைத்து 100 மடங்கு பெருக்கும் ஓப்-ஆம்ப் சுற்று. 10 மில்லிவோல்ட் கொடுத்தால் 1 வோல்ட் வர வேண்டும். '1எம்' என்று அடித்தால் அது 1 மில்லி ஓம். குறிக்கோள் ஓப்-ஆம்பில் வெளியே வருவது 1 நானோவோல்ட். எதிர்பார்த்ததில் நூறு கோடியில் ஒரு பங்கு. பிழைச் செய்தி எதுவும் வராது. திரையில் தட்டையான ஒரு கோடு. மாணவர் ஐ.சி.யை மாற்றிப் பார்ப்பார், கம்ப்யூட்டரையே மாற்றிப் பார்ப்பார்.

கத்துகிற பிழையைவிடக் கமுக்கமான பிழைதான் ஆபத்து. அதற்கு வருமுன், கத்துகிற பிழைகளில் மிகப் பிரசித்தமான இரண்டைப் பார்த்துவிடலாம்.

ஒன்று, 'கன்வர்ஜ் ஆகவில்லை' என்பது. ரெசிஸ்டர் நேர்மையானது. வோல்ட் இரட்டித்தால் மின்சாரமும் இரட்டிக்கும். டயோடு அப்படியல்ல. அறை வெப்பநிலையில், 0.06 வோல்ட் கூடினால் மின்சாரம் 10 மடங்கு. 0.6 வோல்ட்டில் 1 மில்லி ஆம்பியர் ஓடினால் 0.72-இல் 100 மில்லி ஆம்பியர். இத்தகைய சமன்பாட்டை நேரடியாகத் தீர்க்க முடியாது. மென்பொருள் ஒரு விடையை ஊகிக்கும், சோதிக்கும், திருத்தும், மறுபடி ஊகிக்கும். நியூட்டன் காலத்து உத்தி. முதல் ஊகம் தவறி டயோடில் 5 வோல்ட் என்று வைத்துக்கொண்டால் சமன்பாட்டின்படி ஓட வேண்டிய மின்சாரம் 1-க்குப் பின்னால் 70 பூஜ்யங்கள் போட்ட ஆம்பியர். சூரியனையும் சேர்த்து எரித்துவிடும் இந்த எண்ணிலிருந்து திரும்பி வரத் தெரியாமல் கணக்கு ஊசலாடும். அப்படி எகிறாமல் ஒவ்வொரு அடியையும் கட்டுப்படுத்தும் வித்தையை ஸ்பைஸுக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு டயோடுக்கும் இணையாக ஒரு லட்சம் கோடி ஓம் ரெசிஸ்டர் ஒன்றையும் அது தானாகவே போட்டுக்கொள்கிறது. அதுவும் போதாதபோது மின்மூலங்களையெல்லாம் பூஜ்யத்துக்கு இறக்கி, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் பார்க்கும். வருஷக்கணக்கில் பரணில் கிடந்த வால்வு ரேடியோவை டிம்மர்ஸ்டாட் வைத்து மெல்ல உயிர்ப்பித்த பழைய மெக்கானிக்குகளின் அதே நிதானம்.

இரண்டாவது, 'டைம்ஸ்டெப் டூ ஸ்மால்'. காலத்தைத் துண்டு துண்டாக நறுக்கித்தான் மென்பொருள் முன்னேறுகிறது. வேகமாக ஏதாவது நடந்தால் துண்டைச் சிறிதாக்கும். இன்னும் வேகம் என்றால் இன்னும் சிறிது. ஒரு எல்லைக்குக் கீழே போனதும் கைவிரித்துவிடும். மாணவர்கள் அதிகம் திட்டுவது இந்தச் செய்தியைத்தான். ஆனால் பெரும்பாலும் அது நல்ல எச்சரிக்கை. உதாரணமாக, ரிலே சுருளை டிரான்சிஸ்டரால் இயக்கும் சுற்று. சுருளின் குறுக்கே டயோடு போட மறந்திருக்கிறார்கள். 100 மில்லிஹென்றிச் சுருளில் ஓடும் 100 மில்லி ஆம்பியரை ஒரு மைக்ரோ விநாடியில் நிறுத்த முயன்றால் கணக்குப்படி எழும் மின்னழுத்தம் 10,000 வோல்ட். நிஜத்தில் அவ்வளவு ஏறாது. அதற்குள் டிரான்சிஸ்டர் செத்துவிடும். கம்ப்யூட்டர் நின்றது டிரான்சிஸ்டர் சாகிற இடத்தில்தான். சீனியரின் மந்திர வரி அந்த எச்சரிக்கையை வாயடைத்துவிட்டால், மறுநாள் மேஜையில் புகை வரும்.

அந்த வரியில் அப்படி என்னதான் இருக்கிறது? பெரும்பாலும் 'ரெல்டால்' என்று ஒரு எண். விடையில் எவ்வளவு பிசகை ஒப்புக்கொள்ளலாம் என்பதற்கான வரம்பு. ஸ்பைஸ் வழக்கமாக வைத்திருப்பது 0.001, ஆயிரத்தில் ஒன்று. மந்திர வரிகள் அதை 0.01 ஆக்கும், துணிச்சல் மிக்கவை 0.1 ஆக்கும். பத்து சதவீதம் தப்பாக இருந்தாலும் பரவாயில்லை, ஏதாவது ஒரு விடை கொடு என்று பொருள். தராசில் முள் ஆடுகிறது என்று முள்ளைப் பிடித்துக்கொள்கிற மளிகைக்காரரின் வேலை. சுருளோடு ஒரு ஓம் சேர்ப்பதும் பிழையைப் போக்குகிறது, ரெல்டாலைத் தளர்த்துவதும் பிழையைப் போக்குகிறது. முன்னது வரைபடத்தை நிஜத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோகிறது. பின்னது கணக்கின் கண்ணைக் கட்டுகிறது. ஆய்வகக் கையேடுகளில் பல இந்த வித்தியாசத்தைச் சொல்வதில்லை.

அனுபவஸ்தர்கள் செய்வது வேறு. கடைசிச் செய்தியை விட்டுவிட்டு முதல் செய்தியைப் படிப்பார்கள். மற்றதெல்லாம் பெரும்பாலும் முதல் பிழை பெற்ற பிள்ளைகள். செய்தியில் ஒரு புள்ளியின் எண் இருக்கும். வரைபடத்தில் அந்தப் புள்ளிக்குப் போய் விரல் வைப்பார்கள். அதிலிருந்து எர்த்துக்கு வழி இருக்கிறதா? இரண்டு கெப்பாசிட்டர்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டிருக்கிறதா? கோடு தொட்டது போலத் தோன்றி ஒரு மயிரிழையில் விட்டிருக்கிறதா? அப்படியும் பிடிபடாவிட்டால் சுற்றைப் பாதியாக வெட்டி ஓட்டிப் பார்ப்பார்கள். ஓடுகிற பாதியை விட்டு, ஓடாத பாதியை மறுபடி வெட்டுவார்கள். 64 உறுப்புகள் கொண்ட சுற்றானாலும் ஆறு வெட்டில் குற்றவாளி சிக்கிவிடுவார்.

ஆனால் ஆஸிலேட்டர் சுற்று விஷயத்தில் அனுபவஸ்தர்களும் ஒருமுறையாவது ஏமாந்திருப்பார்கள். மேஜையில் ஜோராக அலையெழுப்பும் சுற்று, கம்ப்யூட்டரில் செத்துக் கிடக்கும். பென்சிலைக் கூர்முனையில் நிறுத்தினால் நிஜ உலகில் விழுந்துவிடும். காற்றோ கை நடுக்கமோ தள்ளிவிடும். கம்ப்யூட்டருக்குள் காற்று கிடையாது. பென்சில் நின்றுகொண்டே இருக்கும். மின்மூலத்தைப் பூஜ்யத்திலிருந்து ஏற்றியோ, ஒரு கெப்பாசிட்டரில் துளி மின்னூட்டம் வைத்தோ தள்ளிவிட்டால் அலை கிளம்பிவிடும்.

சிமுலேஷனே மோசடி என்று சொன்ன பெரிய மனிதர்களும் உண்டு. நேஷனல் செமிகண்டக்டரில் பணிபுரிந்த பாப் பீஸ் அவர்களில் தலையானவர். 1991-இல் அனலாக் சுற்றுகளில் பழுது கண்டுபிடிப்பது பற்றி அவர் எழுதிய புத்தகம் இன்றும் பொறியாளர்களின் மேஜையில் இருக்கிறது. ஸ்பைஸ் பொய் சொல்லும் என்பதைப் பத்திரிகைப் பத்திகளில் சளைக்காமல் எழுதியவர். 2011-இல் மறையும் வரை அவர் கருத்து மாறவில்லை. அவர் சொன்னதில் பாதி நியாயம். மறு பாதியை சிலிக்கான் மறுத்துவிட்டது. லட்சக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் கொண்ட சில்லை எந்த போர்டிலும் சால்டர் வைத்துப் பார்க்க முடியாது. கணக்குப் போட்டுப் பார்ப்பதைத் தவிர வழியே இல்லை.

கணக்கை நம்பினால் என்னவாகும் என்பதற்கு வேறு துறையிலிருந்து ஒரு பாடம்: நார்வேயின் ஸ்லெய்ப்னர் எண்ணெய் மேடை. 1991 ஆகஸ்ட் 23 அன்று அதன் கான்கிரீட் அடித்தளம் ஃபியோர்டில் மூழ்கிச் சிதறியது. கம்ப்யூட்டர் கணிப்பில் ஒரு முக்கிய இணைப்பின் வெட்டுத் தகைவு 47 சதவீதம் குறைவாக வந்திருந்தது. மென்பொருள் ஒரு பிழைச் செய்தியும் தரவில்லை. கட்டங்களைச் சரியாகப் பிரிக்காமல் கொடுத்திருந்தார்கள். கொடுத்ததை அது ஒழுங்காகவே கணக்கிட்டது.

இந்தியாவில் இப்போது இது கல்லூரி ரெக்கார்டு நோட்டு விவகாரம் மட்டுமல்ல. 2021 டிசம்பரில் மத்திய அரசு 76,000 கோடி ரூபாய் ஒதுக்கி செமிகண்டக்டர் திட்டத்தை அறிவித்தது. சில்லு வடிவமைப்பில் 85,000 பொறியாளர்களைப் பயிற்றுவிப்பது 'சிப்ஸ் டு ஸ்டார்ட்-அப்' திட்டத்தின் இலக்கு. அவர்கள் எல்லோரும் உட்காரப் போவது ஏதாவது ஒரு ஸ்பைஸ் வாரிசின் முன்னால்தான். போர்டில் தப்பு நடந்தால் பத்து ரூபாய் டிரான்சிஸ்டர் போகும். சில்லில் தப்பு நடந்தால் அச்சு முகமூடிகளையே மறுபடி செய்ய வேண்டும். நவீனத் தொழிற்கூடங்களில் அது கோடிகளில் போகும் செலவு.

ஆய்வகத்துக்குத் திரும்பலாம். மாணவர் மந்திர வரியைத் தூக்கிவிட்டார். முதல் பக்கத்தில் ஒரு ஓம், இரண்டாவது பக்கத்திலிருந்து எர்த்துக்கு 10 மெக். அவரே யோசித்துப் போட்டவை. ஸ்பைஸில் உச்ச மதிப்பைத்தான் கொடுக்க வேண்டும், 230 வோல்ட்டின் உச்சம் 325 என்பதும் நினைவிருந்தது. ரன் அழுத்தினால் கம்ப்யூட்டர் மறுக்கவில்லை. 7805-இன் வெளியே 5 வோல்ட், நூல் பிடித்த மாதிரி. பிரிண்ட் எடுத்து ரெக்கார்டில் ஒட்டியாயிற்று.

பேராசிரியர் பேனாவை எடுத்தார். கையெழுத்து போடுமுன் ஒன்று கேட்டார்: "கெப்பாசிட்டர்ல எத்தனை வோல்ட்?"

"பதினஞ்சு, பதினாறு இருக்கும் சார்."

"இருக்குமா? பார்த்தியா?"

கர்சரை அங்கே வைத்தபோது திரை 73 என்றது. டிரான்ஸ்ஃபார்மர் சுருள்களின் இண்டக்டன்ஸை 230-க்கு 12 என்ற விகிதத்திலேயே கொடுத்திருந்தார். இண்டக்டன்ஸ் சுற்று எண்ணிக்கையின் இருமடிப்படி போகும். 19-க்கு 1 அல்ல, 367-க்கு 1 கொடுத்திருக்க வேண்டும். 25 வோல்ட் கெப்பாசிட்டர் நிஜத்தில் வெடித்திருக்கும். 35 வோல்ட்டுக்கு மேல் தாங்காத 7805 அதற்கு முன்பே போயிருக்கலாம். அந்த எல்லைகள் மாடலில் எழுதப்படவில்லை. அதனால் கம்ப்யூட்டருக்குத் தெரியாது.

பேராசிரியர் பேனாவை மூடினார். மாணவர் இரண்டாவது சுருளின் மதிப்பை அடித்துவிட்டுப் புதிய எண்ணை எழுதத் தொடங்கினார். இம்முறை கால்குலேட்டரையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.